மூழ்காத ஓஹியோ

கப்பலில் ஓட்டை விழுந்தால் அது மூழ்கிவிடும் என்பதே நம் எண்ணம். ஆனால் 24 அடிக்கு 27 அடி அளவில் ஓட்டை விழுந்த பின்னரும் துறைமுகம் சேர்ந்த கப்பல் ஒன்று உண்டு. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அதன் உண்மைப் பொருளை உணர்த்தியது அக்கப்பலின் வரலாறே.

1942ஆம் ஆண்டு. முற்றுகையிடப்பட்ட மால்டா தீவு உணவும் எரிபொருளுமின்றித் தவித்தது. ஆகஸ்டு மாதத்தில் 14 வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களின் காவலுடன் ஜிப்ரால்டர் வழியே அத்தீவை நோக்கிச் சென்றன. அவற்றுள் எண்ணெய்க் கப்பல் ஓஹியோ ஒன்றுதான். 12ஆம் தேதி மாலை, ஆக்ஸம் என்னும் இத்தாலிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோ, அதன் நடுவிலிருந்த பம்பு அறையைப் பிளந்தது. தீ மூண்டது, மாலுமிகள் போராடி அணைத்தனர்.

அது ஏன் மூழ்கவில்லை? முதற்காரணம், எண்ணெய்க் கப்பலின் உட்புறம் பல தனித்தனித் தொட்டிகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் புகுந்த நீர் கப்பல் முழுவதும் பரவாது. இரண்டாவது காரணம் அடர்த்தி. ஒரு கன மீட்டர் கடல்நீரின் நிறை சுமார் 1,025 கிலோகிராம். மண்ணெண்ணெயின் நிறை சுமார் 800 கிலோகிராம். காலி அறையில் நீர் புகுந்தால் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 1,025 கிலோகிராம் பாரம் கூடும். மண்ணெண்ணெய் நிறைந்த தொட்டி உடைந்து, எண்ணெய் வெளியேறி நீர் புகுந்தாலோ கூடுவது 225 கிலோகிராம் மட்டுமே! சுமந்து சென்ற சரக்கே கப்பலைத் தாங்கிற்று எனலாம்.

எனினும் சோதனை தீரவில்லை. மறுநாள் விமானத் தாக்குதலில் எந்திரங்கள் நின்றன. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் ஒன்று தளத்தின் மீதே விழுந்தது. கப்பலைக் கைவிட்டு இறங்கிய மாலுமிகளுள் பலர் தாமாகவே மீண்டும் ஏறினர். முன்னிருந்து கயிறு கட்டி இழுத்தபோது ஓஹியோ ஒரு பக்கமாகவே திரும்பியது. ஆகவே இருபுறமும் நாசகாரிக் கப்பல்களைப் பிணைத்து, தோள்கொடுத்து நடத்துவது போல் மெல்ல நகர்த்தினர். 15ஆம் தேதி காலை, கடல்நீர் ஏறத்தாழத் தளத்தைத் தொடும் நிலையில், அது மால்டாவின் துறைமுகத்துள் நுழைந்தது. புறப்பட்ட பதினான்கில் கரை சேர்ந்தவை ஐந்தே. கப்பல் தலைவர் டட்லி மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

மிதப்பு விசை கப்பலைத் தாங்கியது உண்மை. ஆனால் எந்திரம் நின்ற பின் அதனைத் துறைமுகம் வரை கொண்டு சேர்த்தவர்கள், மீண்டும் ஏறிய அந்த மாலுமிகளும் கயிறு பிடித்த தோழர்களுமே. இனி ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எழுதும் போதெல்லாம் அவர்களையும் நான் நினைத்துக்கொள்வேன்.