ஒற்றைத் தாள் கணக்கு: தூத்துக்குடியில் எரிசக்தி வேலை தேடுவோருக்கு

2025 செப்டம்பரில் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை ஒன்று திறக்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். செலவு 3.87 கோடி ரூபாய். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகனச் சார்ஜிங் நிலையத்துக்கும் அதிலிருந்து மின்சாரம். செய்தியைப் படித்ததும் பேனாவை எடுத்து, ‘உள்ளே போவது எத்தனை யூனிட், வெளியே வருவது எத்தனை யூனிட்’ என்று போட்டுப் பார்த்தீர்களா? அந்தப் பழக்கம் உள்ளவர்களைத்தான் இந்தத் துறை தேடுகிறது. பெரிய மென்பொருள் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள். ஒரே தாளில் உத்தேசக் கணக்குப் போட்டு, அது எங்கே தப்பாகலாம் என்றும் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

அந்த ஆலையின் கணக்கையே பார்ப்போம். 10 கன மீட்டர் ஹைட்ரஜனின் எடை சுமார் 0.9 கிலோ. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ 55 யூனிட் வேண்டும்; ஆக, மணிக்கு 50 யூனிட் உள்ளே போகிறது. ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றல் 33 யூனிட். எரிபொருள் மின்கலம் அதில் பாதியை மின்சாரமாக்கும் என்றால் வெளியே வருவது 15 யூனிட். அதே 50 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் ஏற்றினால் 40-க்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

அப்படியானால் ஆலை வீணா? இங்கேதான் கணக்குப் போட்டவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தெருவிளக்குக்கு மட்டும் என்றால் பேட்டரியே போதும். கடல் தாண்டிப் போகும் சரக்குக் கப்பலைப் பேட்டரியில் ஓட்ட முடியாது. அதே விழாவில், பசுமை ஹைட்ரஜனிலிருந்து செய்யக்கூடிய பசுமை மெத்தனாலைக் கப்பல்களுக்கு நிரப்பும் வசதிக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ஹைட்ரஜனின் உண்மையான வாடிக்கையாளர் யார் என்பதை இந்த நாலு வரிக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, இந்த ஊருக்கென்றே உள்ள கணக்கு. உப்பளங்களுக்குப் பக்கத்தில் சோலார் தகடு வைத்தால் உப்பும் தூசியும் படியும். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? பெரும்பாலும் ‘மாதம் ஒருமுறை’ என்று வழக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். 100 கிலோவாட் கூரை அமைப்பு நாளுக்கு 400 யூனிட் தரும். யூனிட் 5 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். ஒவ்வொரு நாள் அழுக்கும் உற்பத்தியை அரை சதவீதம் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் இழப்பு 10 ரூபாய், இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 30. ஒருமுறை கழுவ 500 ரூபாய். மாதம் ஒருமுறை கழுவினால் கூலியும் இழப்பும் சேர்ந்து நாளுக்கு சுமார் 172 ரூபாய். ஐந்து நாளுக்கு ஒருமுறை என்றால் 130. பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் 105, அதுதான் குறைந்தபட்சம். கழுவும் செலவை இரண்டால் பெருக்கி, நாள்தோறும் கூடும் இழப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நேராக அந்தப் பத்து வந்துவிடும்.

அரை சதவீதம் என்பது நான் வைத்துக்கொண்ட எண். உங்கள் தகட்டுக்கு அது என்னவென்று நீங்கள்தான் அளக்க வேண்டும். இரண்டு தகடுகளை எடுத்து, ஒன்றைத் தினமும் துடைத்து, மற்றதை அப்படியே விட்டு இரண்டின் மின்னோட்டத்தையும் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் எண் கையில் இருக்கும். அதை வைத்துப் போட்ட ஒரு பக்கம், உங்கள் சான்றிதழ்க் கட்டைவிட அதிகம் பேசும்.

மாதிரி எடுத்து முடிவு செய்வது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்களுக்குப் போய், மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அதில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்பா இல்லையா என்று முடிவு செய்தார்கள். ஓர் ஆண்டு சிப்பி நிறைந்து கிடந்த பார் அடுத்த ஆண்டு வெறுமையாகிவிடுவதுண்டு. அதனால் பழைய மாதிரியை நம்பாமல் மறுபடி மறுபடி எடுத்தார்கள். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்த ஒழுக்கம் மட்டும் நமக்கு இன்னும் தேவைப்படுகிறது.

காற்றுக்கு வருவோம். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில்தான் நிறுவப்பட்டது. அங்கிருந்த காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்றைய 3 மெகாவாட் காற்றாலை ஒன்று அவற்றில் 54-க்குச் சமம். காற்றின் திறன் அதன் வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றவர்களுக்கு இது சூத்திரமில்லாமலே தெரிந்திருக்கிறது. வேலைக்கு வருபவர்கள் தவறுவது சராசரியில். பாதி ஆண்டு விநாடிக்கு 4 மீட்டர், மறுபாதி 8 மீட்டர் என்றால் சராசரி 6. அதன் முப்படி 216. தனித்தனியே முப்படி எடுத்துச் சராசரி கண்டால் 288. மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்! கச்சான் எனும் மேல்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, மற்ற மாதங்களுக்கு வேறு கணக்கு என்று பிரித்துப் போடுங்கள். ‘குளோபல் விண்ட் அட்லஸ்’ இணையத்தில் இலவசம். இதே மாவட்டத்தில் கயத்தாறில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது.

எரிசக்தியோடு நகரக் கட்டமைப்பு வேலைகளையும் தேடுபவர்களை நான் முதலில் கற்கச் சொல்வது மழைநீர்க் கணக்கு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. சராசரியாக மணிக்கு 40 மி.மீ. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10 கன மீட்டர் தண்ணீர். 100 ஹெக்டேர் நகர்ப்பகுதியில் அதே மழை பெய்து, ஐந்தில் நாலு பங்கு ஓடி வந்தால் விநாடிக்கு 9 கன மீட்டர். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள கான்கிரீட் வடிகால், ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் கொண்டுபோவது விநாடிக்குச் சுமார் ஒரு கன மீட்டர்தான். அப்படி ஒன்பது வேண்டும். தூத்துக்குடியின் தட்டையான தரையில் அந்தச் சரிவு கிடைப்பதே அரிது. பாதி மண் அடைத்திருந்தால் பாதிக்கும் குறைவு.

இந்தக் கணக்கும் அன்று முழு உண்மையைச் சொல்லியிருக்காது. வானத்திலிருந்து விழுந்த நீரோடு, கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்த நீரும் சேர்ந்துதான் தூத்துக்குடி நகரை மூழ்கடித்தது. வார்டு எல்லையோடு நின்ற கணக்கில் அந்தக் குளம் வராது. எல்லைக்கு வெளியே என்னவெல்லாம் இருக்கிறது என்று எழுதிவைப்பவரையே நான் நல்ல பொறியாளர் என்பேன். மக்கள் வீட்டு மாடியில் நாட்கணக்கில் உணவுக்குக் காத்திருந்த ஊரில் இது வெறும் தேர்வுப் பாடமில்லை.

எங்கே விண்ணப்பிப்பது? துறைமுகம், மாநகராட்சி, மின்வாரியத்திலிருந்து 2024-ல் பிரிந்த தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், காற்றாலைப் பராமரிப்பு நிறுவனங்கள், சோலார் ஒப்பந்ததாரர்கள், வடிகால் வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்கள். பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. கணிதம், இயற்பியல் படித்தவர்களும், எக்ஸெலில் உறுதியாக நின்று கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டால் பகுப்பாய்வுப் பணிகளுக்கு முயலலாம். வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், வடிகாலுக்கு எஸ்.டபிள்யூ.எம்.எம்.; இரண்டுமே இலவசம். மென்பொருள் தரும் விடையைக் கைக்கணக்கோடு ஒப்பிடாமல் யாரிடமும் நீட்டாதீர்கள். விடையை ஒரே எண்ணாகச் சொல்லாமல் ‘இதிலிருந்து இதற்குள்’ என்று சொல்லுங்கள். கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்பினால் அறையில் இருக்கும் மூத்த பொறியாளர் அதோடு காது கொடுக்கமாட்டார்.

தொடங்க ஒரு வேலை: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், டேப்போடு உங்கள் தெரு வடிகாலின் அகலம், ஆழம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டு, ஒரு பக்கமாக எழுதி மாநகராட்சிப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு நகலை உங்கள் விண்ணப்பத்தோடு இணையுங்கள்.