லுவார் கரையில் ஏன் இத்தனை கோட்டைகள்?

கேள்வி: தலைநகர் பாரிஸ் இருக்க, லுவார் ஆற்றுப் பக்கத்து நாட்டுப்புறத்தில் இத்தனை கோட்டைகள் எப்படி வந்தன?

பதில்: போருக்காகக் கட்டியவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. போர் அரசர்களை அங்கே துரத்தியது. மாளிகைகளை எழுப்பியதோ அரசவையின் அருகாமை. நூறாண்டுப் போர்க் காலத்தில், 1418-இல் பர்கண்டிக் கட்சியினர் பாரிஸைப் பிடித்ததும் இளவரசர் சார்லஸ் தெற்கே தப்பியோடினார். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் அவரைத் தேடி வந்தது ஷினோன் கோட்டைக்கு. 1436-இல் பாரிஸ் மீண்டும் கைக்கு வந்த பிறகும் அரசர்களுக்கு லுவாரை விட மனம் வரவில்லை. எட்டாம் சார்லஸ் அம்புவாஸிலும் பன்னிரண்டாம் லூயி புளுவாவிலும் இருந்தார்கள். அரசர் இருக்குமிடத்தில்தானே பதவியும் பணமும்? கஜானாவைக் கையாண்டவர்கள் பக்கத்திலேயே மனை தேடினார்கள். ஷெனோன்சோவைக் கட்டிய தோமா போயியே, ஆஸே-லெ-ரிதோவைக் கட்டிய ழில் பெர்த்தலோ இருவருமே அரசின் நிதி அதிகாரிகள். பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கலாம். கணக்கு விசாரணை கிளம்பியதும் பெர்த்தலோ ஓடிவிட்டார். கடைசியில் இரண்டு மாளிகைகளும் அரசர் கைக்கே போயின.

ஆன்ஜேயில் 17 கோபுரங்களோடு நிற்கும் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை போர்க்கோட்டை இல்லையா என்று கேட்கலாம். சந்தேகமில்லாமல் போர்க்கோட்டைதான், ஷினோனும் லோஷும் அப்படியே. ஆனால் முதலாம் பிரான்சுவா 1519-இல் தொடங்கிய ஷாம்போரைப் பாருங்கள். மூலைக்கு மூலை தடித்த வட்டக் கோபுரம். சுவரிலோ வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். உள்ளே குளிர்காய 282 கணப்புகள். பீரங்கி வந்துவிட்ட காலத்தில் அந்தக் கோபுரங்கள் யாரைத் தடுக்கும்? வெறும் பந்தா. இவ்வளவும் கட்டி, அரசர் அங்கே தங்கியது மொத்தம் சில வாரங்களே. இத்தாலிய மோகமே காரணம் என்பாரும் உண்டு. 1494-இல் எட்டாம் சார்லஸ் இத்தாலிமேல் படையெடுத்துப் போய், திரும்பும்போது அங்கிருந்து கைவினைஞர்களை அழைத்துவந்தார், உண்மைதான். அது அலங்காரத்துக்கு விளக்கம், இடத்துக்கு அல்ல. செதுக்க எளிதான வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அங்கே ஏராளம், படகிலேயே ஏற்றி அனுப்பலாம் என்பதும் வசதிதான். ஆனால் கல் எப்போதும் அங்கேயேதான் இருந்தது, அரசர்கள்தான் வந்து போனார்கள். 1528-இல் பிரான்சுவா இனிப் பாரிஸ் பக்கமே வசிப்பதாக அறிவித்தார். அதன்பின் அரசரின் பெரிய கட்டுமானங்கள் ஃபோந்தேன்புளோ போலப் பாரிஸைச் சுற்றியே நடந்தன.

நேரம் குறைவென்றால் ஆன்ஜேயையும் ஆஸேயையும் மட்டும் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சோமூர் பக்கம் கல் வெட்டிய குகைகளில் இப்போது ஒயின் வைக்கிறார்கள், காளான் வளர்க்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.