நீண்ட விமானப் பயணம்: மூத்தோர் அறிய வேண்டியவை

லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறீர்களா? பாயான் லெப்பாஸில் ஏறி, வழியில் விமானம் மாற வேண்டியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு மட்டுமே ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் உடல்நலத்துக்குத் தேவையானதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

புறப்படும் முன்

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். நேர மாற்றத்துக்கு ஏற்ப மருந்தையும் இன்சுலினையும் எப்போது எடுப்பது என்று கேளுங்கள். மருந்துகளின் பெயர்கள் அடங்கிய கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மருந்துகளை அவற்றின் உறையோடு கைப்பையில் வையுங்கள். சில நாள்களுக்குக் கூடுதலாகவும் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். சரக்கு அறையின் குளிரில் அது உறைந்து கெட்டுவிடலாம்.

நடக்கச் சிரமமா? சக்கர நாற்காலி வேண்டும் என்று குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லுங்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையையும் கேளுங்கள்.

விமானத்தில்

பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு, கழிவறைக்குப் போகாமலிருக்கப் பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. கழிவறைக்கு எழுந்து போவதே உங்களுக்கு நல்ல நடைப்பயிற்சி.

அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் தெரிவித்தது. ஆயினும் பாதிக்கப்படுவோர் சுமார் 6,000 பேரில் ஒருவரே. ஆகவே பயப்பட வேண்டாம், கவனமாக இருங்கள்.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் ஆலோசனை பெறுங்கள். நீங்களாகவே ஆஸ்பிரின் சாப்பிடாதீர்கள்.

விமானம் தாமதமானால்

2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் உங்களுக்குத் தரும் உரிமைகள்:

• 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால்: உணவு, தொலைபேசி, இணைய வசதி.
• 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகி, இரவு தங்க நேர்ந்தால்: தங்கும் விடுதியும் போக்குவரத்தும்.
• 5 மணி நேரத் தாமதத்துக்குப் பின் பயணத்தைக் கைவிட விரும்பினால்: முழுப் பணமும், நீங்கள் செலுத்திய அதே வழியில், 30 நாளுக்குள். இது 2024 செப்டம்பர் 2 முதல் நடப்பில் உள்ளது.

இனிப்புநீர் உள்ளவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு மருந்தைப் போன்றது. முகப்பில் சென்று தயங்காமல் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பயணச்சீட்டையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்தி, முதலில் விமான நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தை நாடுங்கள்.

இறங்கிய பின்

ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி வந்தால் உடனே அவசர உதவியை அழையுங்கள். மலேசியாவில் எண் 999. இந்த அறிகுறிகள் பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தும் வரலாம். விமானத்தில் வந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.