முதல் வரியில் எதை எழுதுவது?

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 181. என் கணவர் கொத்தனார். லீவு நாட்களில் அவரோடு சைட்டுக்குப் போய்வந்து பழகியவள், “கிண்டியில் சிவில் படிக்கப்போகிறேன்” என்கிறாள். அவரோ, “நான் வெயிலில் நின்றது போதும், என் பிள்ளையும் நிற்க வேண்டாம். பக்கத்து ஊர் காலேஜில் கம்ப்யூட்டர் எடுக்கட்டும். பஸ் வாசலுக்கே வருகிறது” என்கிறார். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் யார் பக்கம் பேசுவது?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: இருவரையும் பேச வையுங்கள், அம்மா. அதுதான் இப்போது உங்கள் வேலை. உங்கள் கணவருக்கு மகள் மேல் கோபமில்லை, பயம். தன் உடம்பு பட்ட பாட்டை அவள் உடம்பும் படக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் அதே சைட்டில் மகள் பார்த்தது வேறு. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவர் நேராக எழும்புகிறதா என்று அப்பா பார்ப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கைநேர்த்திதான் அவளைச் சிவில் பக்கம் இழுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. “ஏன் சிவில்?” என்று அவரையே மகளிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலைக் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

அடுத்து கலந்தாய்வு. எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம். உங்கள் மகளின் ரேங்குக்கு முறை வரும்போது, அவள் பட்டியலை மேலிருந்து பார்ப்பார்கள். முதல் வரியில் இடம் இருந்தால் அது அவளுக்கு. இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது. முதல் வரி கிடைக்காததால் கீழே இருக்கும் எதுவும் கைநழுவிப் போகாது. அதனால் அதிகம் விரும்புவதை மேலே எழுத வேண்டும். கிடைக்குமா என்ற கணக்கு முதல் வரிக்கு வேண்டாம்.

இதை ஒரு தவறு செய்துதான் நான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி தன் பட்டியலோடு வந்தாள். “இதெல்லாம் உனக்குக் கிடைக்காதும்மா” என்று சொல்லி, மேலே இருந்த இரண்டு வரிகளைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். நான் சொன்னபடியே அவள் பதிவு செய்தாள். ஒதுக்கீடு வந்தபோது, அடித்த இடங்களில் ஒன்று அவளைவிட 3 மதிப்பெண் குறைந்த பையனுக்குப் போயிருந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் பட்டியலிலும் நான் பேனா வைப்பதில்லை.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால், 2021-இல் இன்ஜினீயரிங்குக்கும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். பணத்தைக் காரணம் காட்டி கிண்டியைத் தள்ள வேண்டியதில்லை. பதிவை பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாதீர்கள். மாவட்டந்தோறும் கலந்தாய்வு உதவி மையம் இருக்கிறது. பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் போனும் வீட்டிலேயே இருக்கட்டும்.

“பெண் பிள்ளைக்குச் சிவிலா?” என்று ஊரில் கேட்பார்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிக் கல்லூரி. அங்கே பி.கே. திரேசியா 1944-இல் சிவில் முடித்தார். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். எண்பது வருடத்துக்கு முன்பே ஒரு பெண் போட்ட பாதை அது.

மகளிடமும் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். சிவிலில் ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் சாஃப்ட்வேரைவிடக் குறைவு. சைட் வேலையும் இருக்கும், கம்ப்யூட்டரில் டிசைன் வேலையும் இருக்கும், டி.என்.பி.எஸ்.சி. எழுதி உதவிப் பொறியாளராகவும் போகலாம். இவ்வளவும் தெரிந்த பிறகும் சிவில்தான் என்றால், அந்த ஆசைக்கு வேர் இருக்கிறது.

“பஸ் வாசலுக்கே வருகிறது” என்று உங்கள் கணவர் சொல்வதற்குப் பின்னால், மகளை விடுதியில் விடும் பயமும் இருக்கலாம். அதைப் பேசித் தீர்க்க முடியாது, நேரில் பார்த்தால்தான் தீரும். ஒருநாள் அப்பாவும் மகளும் மட்டும் சென்னைக்குப் போய் வரட்டும். வெளியே போக அனுமதி எப்படி, இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று வார்டனிடம் அவரே கேட்கட்டும். அங்கே தங்கிப் படிக்கும் வெளியூர்ப் பெண் ஒருத்தியிடமும் பேசட்டும். திரும்பி வரும் ரயிலில் இருவரும் கட்டாயம் பேசியிருப்பார்கள்.

வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். மேல் வரிகளை மகள் எழுதட்டும். அப்பா சொல்லும் பக்கத்து ஊர் கல்லூரியையும் அவள் கையாலேயே கீழே எழுதச் சொல்லுங்கள். கிண்டி கிடைக்காமல் போனாலும், அவள் கேட்டதை அப்பா தடுக்கவில்லை என்பது அந்தத் தாளில் இருக்கும்.

– பதில் அளிப்பவர் ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை