மூல ஓலையும் மின்னணுச் சான்றும்

நுழையும்முன்

நீதி வழங்கும் அவை எக்காலத்திலும் இரண்டு வினாக்களை எழுப்பி வந்துள்ளது. சான்று சொல்பவர் எங்கே நிற்கிறார்? காட்டப்படும் ஆவணம் மூலமா, படியா? கணினியும் இணையமும் நீதிமன்றத்திற்குள் நுழைந்தபின் இவ்வினாக்களுக்குப் பழைய விடைகள் போதவில்லை. சட்டம் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏழாவது நிலையம்

வடசென்னையில் திருவொற்றியூரை ஒட்டியுள்ள காலடிப்பேட்டை, நெசவாளர்களுக்காக உருவான குடியிருப்பு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் பெயரைத் தாங்கியது. காலட்பேட்டை என்னும் அப்பெயர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. மூலப்பெயர் ஏட்டோடு நின்றுவிட, படிப்பெயரே நிலைத்துவிட்டது.

இங்கு மெட்ரோ தொடர்வண்டியில் ஏறித் தெற்கே செல்பவர் ஏழாவது நிலையத்தில் உயர்நீதிமன்றத்தை அடைகிறார். 1862ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றம், 1892இல் இப்போதுள்ள செந்நிறக் கட்டடத்திற்கு வந்தது. அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கம் ஒன்று பல்லாண்டுகள் ஒளிவீசியது. கடலில் செல்வோருக்கு வழிகாட்டிய விளக்கும் நிலத்தில் வாழ்வோருக்கு நீதி வழங்கிய மன்றமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

தொலைவு சிறிது, ஆயினும் எல்லார்க்கும் அது சிறிதன்று. துறைமுகத்தில் நாட்கூலிக்குச் சுமை இறக்கும் ஒருவருக்கு ஒரு வழக்கு இருக்கிறது எனக் கொள்வோம். காலையில் நீதிமன்றத்திற்குச் சென்று, பிற்பகல்வரை காத்திருந்து, ‘வாய்தா’ தள்ளிப்போயிற்று என்று அறிந்து திரும்பினால் அன்றைய கூலி அவருக்கு இல்லை. அடுத்த வாய்தா எந்நாள் என்பதை வீட்டிலிருந்தே அறிய முடியுமாயின் அவர் இழப்பது குறையும். நீதிமன்றங்களில் மின்னணுத் தொழில்நுட்பத்தின் பயனை இத்தகையோரின் ஒரு நாளைக் கொண்டே அளக்க வேண்டும்.

பெரியபுராணம் காட்டும் இரு காட்சிகள்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறு ஒரு வழக்கோடு தொடங்குகிறது. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த சுந்தரரிடம் முதியவர் ஒருவர் வந்து, ‘உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை’ என்கிறார். சினமுற்ற சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். ஆவணம் அழிந்ததால் வழக்கும் அழிந்தது என்று தோன்றும். முதியவரோ, கிழிந்தது படி ஓலை, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்று திருவெண்ணெய்நல்லூர் அவையோர்முன் காட்டுகிறார். அவையோர் அதை உடனே ஏற்றுவிடவில்லை. பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொல்கின்றனர்.

இரண்டாம் காட்சி திருவொற்றியூரில் நிகழ்கிறது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரை விட்டுப் பிரியேன் என்று இறைவன் திருமுன் சூளுரைக்க வேண்டும். சுந்தரர் அதற்குமுன் இறைவனிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: தாம் சூளுரைக்கும்போது இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் இருக்க வேண்டும். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழமரத்தடியிலேயே சூள் பெறுமாறு அறிவுறுத்துகிறார். வாக்கு மகிழமரத்தடியிலேயே சொல்லப்பட்டது. வாக்கை மீறி ஊரைவிட்டு நீங்கியபோது சுந்தரர் பார்வை இழந்தார். இந்நிகழ்வு ‘மகிழடி சேவை’ என்னும் பெயரில் ஒற்றியூர்க் கோயிலில் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

முதற்காட்சி மூலத்தைப் பற்றியது. இரண்டாவது முன்னிலையைப் பற்றியது. மின்னணுக் காலத்தின் பெரும்பாலான சட்டச் சிக்கல்கள் இவ்விரண்டினுள் அடங்கிவிடுகின்றன.

முன்னிலை என்பது யாது?

குற்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் முன்னிலையிலேயே சாட்சியம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்ட நெறி. மும்பை மருத்துவர் ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கில், நியூயார்க் மருத்துவர் ஒருவரின் சாட்சியம் தேவைப்பட்டது. அவர் இந்தியாவிற்கு வர இசையவில்லை. காணொலி வழியே சாட்சி சொல்ல உடன்பட்டார். திரையில் தோன்றுபவர் முன்னிலையில் இருப்பவர் ஆவாரா? மும்பை உயர்நீதிமன்றம் ஆகார் என்றது. 2003ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றி, முன்னிலை என்பது உடலால் அருகில் இருத்தல் மட்டுமன்று என்று முடிவுசெய்தது. சாட்சியைக் காணவும் கேட்கவும் குறுக்கு விசாரணை செய்யவும் முடியுமாயின் சட்டத்தின் நோக்கம் நிறைவேறுகிறது. பதிவை மீண்டும் ஓட்டிப் பார்த்துச் சாட்சியின் முகக்குறிப்பை ஆராயவும் இயலும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

காணொலியில் சாட்சி சொல்பவருக்கு அருகில், திரைக்கு வெளியே, யாரேனும் நின்று சொல்லிக்கொடுத்தால் என்ன செய்வது? சாட்சி இருக்கும் இடத்தில் நீதிமன்றத்தின் சார்பில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று காணொலி விசாரணை விதிகள் வகுத்திருப்பது இதனாலேயே. வாக்கு மகிழமரத்தடிக்கு மாறினால் கேட்கும் கடவுளும் அங்கே இருந்தாக வேண்டுமல்லவா?

முன்னிலையின் அருமை சிறைவாசியின் நிலையில் மிகத் தெளிவாகப் புலப்படும். காலடிப்பேட்டைக்கு மேற்கே சில கல் தொலைவில் புழல் மத்திய சிறை உள்ளது. காவல் நீட்டிப்புக்காக ஒவ்வொரு முறையும் கைதியை வண்டியில் ஏற்றி நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லக் காவலர்களும் வண்டியும் வேண்டும். அவை கிடைக்காதபோது கைதி நீதிபதியையே காணாமல் நாள்கள் கழியும். காணொலி இக்குறையை நீக்கியது. ஆனால், நீதிபதியின் நேர்முன் நிற்கும் ஒருவர் தம் உடலிலுள்ள காயத்தைக் காட்ட முடியும். சிறை அறையின் திரைமுன், அருகில் காவலர் நிற்க, அவர் அவ்வாறே பேசுவாரா? சட்டம் இதை எண்ணிப் பார்த்துள்ளது. கைது செய்யப்பட்டவரை முதன்முறையும், காவல்துறையின் பொறுப்பில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும், நேரிலேயே முன்னிறுத்த வேண்டும். அதற்குப் பிந்தைய நீதிமன்றக் காவலை நீட்டிக்க மட்டுமே காணொலியைப் பயன்படுத்தலாம். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இவ்வேறுபாட்டைக் காக்கிறது.

தொலைவே காப்பாக அமையும் இடமும் உண்டு. பாலியல் குற்றத்திற்கு உள்ளான குழந்தை, தீங்கிழைத்தவரின் முகத்தைக் கண்டு நடுங்கியபடி சாட்சி சொல்லுதல் கொடுமை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சாட்சியம் அளிக்கும்போது குழந்தை குற்றஞ்சாட்டப்பட்டவரின் பார்வையில் படாதவாறு காணொலியையோ திரைச்சீலையையோ ஒருபுறம் மட்டும் காட்டும் கண்ணாடியையோ பயன்படுத்த வழி செய்கிறது. மேலே கைதிக்கு இடராகத் தோன்றிய அதே கருவி இங்கே குழந்தைக்கு அரணாகிறது.

மூலம் எது, படி எது?

சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004ஆம் ஆண்டு நடைபெற்ற வழக்கு ஒன்று இந்தியச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இணையக் குழு ஒன்றில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் செய்திகளை ஒருவர் பதிவிட்டார். அப்பெண் அளித்த முறையீட்டின்பேரில் சென்னைக் காவல்துறையின் கணினிக்குற்றப் பிரிவு விசாரித்து, மும்பையில் இருந்த அவரைக் கைது செய்தது. செய்திகளைப் பிறர் யாரேனும் அனுப்பியிருக்கலாம் என்றும், மின்னணு ஆவணங்கள் சட்டப்படி நிற்கா என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. இணைய நிலையம் நடத்தியவர்களின் சாட்சியமும், கணினிச் சான்றை முறைப்படி உறுதிசெய்த வல்லுநரின் சான்றிதழும் அவ்வாதத்தை முறியடித்தன. 2004 நவம்பர் 5 அன்று தண்டனை வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தண்டனையில் முடிந்த தொடக்க வழக்குகளுள் இது ஒன்று. காவல்துறையை நாடிய சில மாதங்களிலேயே அப்பெண்ணுக்கு நீதி கிடைத்தது.

இங்கே காட்டப்பட்டது ஓலையன்று. கணினித் திரையில் தோன்றி மறையும் எழுத்து. அச்சிட்டுக் கொடுத்த தாள் அதன் படி. மூலம் எங்கோ வெளிநாட்டிலுள்ள வழங்கிக் கணினியில் இருக்கிறது. அதைப் பெயர்த்து நீதிமன்றத்திற்குக் கொண்டுவருதல் இயலாது. எனவே, படியை ஏற்க வேண்டுமாயின், அது எக்கருவியிலிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதற்குப் பொறுப்புள்ள ஒருவர் சான்றிதழ் தரவேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கூறியது.

இப்பிரிவின் பொருளை வரையறுக்க உச்சநீதிமன்றத்திற்குப் பல்லாண்டுகள் ஆயின. 2005இல், சான்றிதழ் இல்லாவிடினும் பிற வழிகளில் மெய்ப்பிக்கலாம் என்றது. 2014இல், கேரளத் தேர்தல் வழக்கொன்றில், பிரசாரப் பாடல்களும் பேச்சுகளும் பதிந்த குறுந்தகடுகளைச் சான்றிதழ் இன்மையால் ஏற்க மறுத்தது. மகாராட்டிரத் தேர்தல் வழக்கில், வேட்புமனு உரிய நேரத்திற்குப்பின் தரப்பட்டதா என்பதைக் காட்டும் காணொலிப் பதிவு அரசு அலுவலர்களிடமே இருந்தது; பலமுறை கேட்டும் அவர்கள் சான்றிதழ் தரவில்லை. 2020இல் அவ்வழக்கின் தீர்ப்பு, சான்றிதழ் கட்டாயம் என்பதை உறுதிசெய்து, தர மறுப்போரிடமிருந்து அதைப் பெறுவதற்கு நீதிமன்றத்தை நாடலாம் என வழிகாட்டியது. மூலக் கருவியையே கொண்டுவந்து மெய்ப்பித்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

தெரிந்து தெளிவோம்

பாரதிய சாக்ஷிய அதிநியத்தின்படி தரப்படும் சான்றிதழில் மின்னணுக் கோப்பின் ‘ஹாஷ் மதிப்பு’ குறிக்கப்பட வேண்டும். கோப்பு முழுவதையும் ஒரு கணக்கீட்டு முறைக்கு உட்படுத்திப் பெறும் குறியீட்டு வரிசையே இது. எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறையில் இது 64 குறியீடுகளைக் கொண்டிருக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இம்மதிப்பு முற்றிலும் மாறிவிடும்.

திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கையெழுத்தைக் கண்ணால் ஒப்பிட்டனர்; இன்று கணினி இரு ஹாஷ் மதிப்புகளை ஒப்பிடுகிறது. ஆயினும் ஒரு நுட்பத்தை மறத்தல் ஆகாது. கைப்பற்றிய நாள்முதல் கோப்பு மாறவில்லை என்பதையே ஹாஷ் மதிப்பு காட்டும். கைப்பற்றப்படும் முன்பே அது பொய்யாகப் புனையப்பட்டிருந்தால் அதைக் காட்டாது. அதனை வெளிக்கொணர இன்றும் குறுக்கு விசாரணையே வேண்டும். புதிய சட்டம் மற்றொன்றையும் செய்துள்ளது: ஒரே நேரத்தில் பல கோப்புகளாகச் சேமிக்கப்படும் மின்னணுப் பதிவில், ஒவ்வொரு கோப்பும் முதன்மைச் சான்று என்கிறது. அங்கே படி ஓலை என்று ஒன்றில்லை. எல்லாம் மூல ஓலையே.

கைக்குள் வந்த மன்றம்

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் பொருட்டு மின்குழு ஒன்று 2004இல் அமைக்கப்பட்டது. மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்துகளும் எண்களும் கலந்த பதினாறு இலக்கத் தனியடையாளம் தரப்படுகிறது. நீதிமன்றம் எது, வழக்கின் எண் என்ன, ஆண்டு எது என்பன அதனுள் அடங்கும். அதைக் கைப்பேசியில் இட்டால் அடுத்த வாய்தாவும் அன்றாட ஆணைகளும் தெரிந்துவிடும். மேலே கண்ட சுமைதொழிலாளிக்கு இப்பதினாறு இலக்கங்கள் ஒரு நாள் கூலிக்குச் சமம்.

2020 ஏப்ரல் 6 அன்று, கொரோனா பெருந்தொற்றின் நடுவே, நாடெங்கும் காணொலி விசாரணைக்கு உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலும் நீதிமன்றம் இயங்கியது பெரும்பேறு. எனினும், நல்ல இணைய இணைப்பும் கருவியும் உடைய வழக்கறிஞருக்குக் கிட்டிய வாய்ப்பு, சிற்றூர் வழக்கறிஞருக்குக் கிட்டவில்லை. ஆவணங்களை மின்வழியில் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாட்டின் வழக்கறிஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்ததற்கும் இத்தகைய இடர்ப்பாடுகளே காரணம். நீதிமன்ற வளாகங்களில் உள்ள மின்சேவை மையங்கள் இவ்விடைவெளியை ஓரளவே நிரப்புகின்றன.

மூலமே இல்லாத படி

அண்மையில் தோன்றிய செயற்கை நுண்ணறிவு இப்பழைய வினாவைத் தலைகீழாக்கியுள்ளது. 2023இல் நியூயார்க் நீதிமன்றமொன்றில் வழக்கறிஞர்கள் அளித்த மனுவில் மேற்கோள் காட்டப்பட்ட முன்தீர்ப்புகள் சில, உண்மையில் எந்நீதிமன்றமும் வழங்காதவை. உரையாடும் மென்பொருள் அவற்றைப் புனைந்து தந்திருந்தது. படி இருக்கிறது, மூலமே இல்லை. வழக்கறிஞர்களுக்கு நீதிபதி ஐயாயிரம் டாலர் தண்டம் விதித்தார். 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், தன் மாவட்ட நீதிமன்றங்கள் தீர்ப்பு முடிவுகளை எட்டுவதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்று கொள்கை வகுத்தது.

அதே தொழில்நுட்பம் தமிழுக்கு ஒரு வாயிலையும் திறந்துள்ளது. 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் ‘சுவாஸ்’ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகம் செய்தது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தீர்ப்புகள் இணையத்தில் வெளியாகின்றன. தமிழைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழியாக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும், அங்கே ஆங்கிலமே வழக்கு மொழியாக நீடிக்கிறது. காலடிப்பேட்டையில் வாழும் ஒருவர் இன்று தம் நிலத்தையோ கூலியையோ பற்றிய தீர்ப்பொன்றின் தமிழாக்கத்தைக் கைப்பேசியில் பெற்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாமே படித்தறியும் நிலை உருவாகி வருகிறது. ஆனால் அம்மொழிபெயர்ப்புகளில், இது வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே என்றும், ஆங்கில வடிவமே அதிகாரமுடையது என்றும் ஒரு குறிப்பு இணைக்கப்பட்டிருக்கும். மேல்முறையீட்டிற்குச் செல்ல வேண்டுமாயின் அவர் ஆங்கில மூலத்தையே கையில் எடுத்துச் செல்ல வேண்டும். தமிழில் படித்தது இன்னும் படி ஓலையாகவே இருக்கிறது.