புதிய நாய்க்குட்டியும் வீட்டுக் குழந்தைகளும்

தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்து வரும் நாய்க்குட்டிக்குப் புதிய வீடு முதலில் அச்சம் தரும் இடமாகவே இருக்கும். எட்டு வார வயது நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு இவ்வச்சம் இன்னும் மிகும். வந்த அன்றே உற்றாரும் அண்டை வீட்டாரும் கூடிக் கைக்குக் கை மாற்றிக் கொஞ்சுவது நம்மவர் வழக்கம்; குட்டிக்கோ அது பெருந்துன்பம்.

நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் பழைய பருத்திப் புடைவையை விரித்து, அருகில் குடிநீர் வைத்து, தானே வெளிவரும் வரை அதை விட்டுவிடுங்கள். முதல் சில இரவுகள் முனகும். இருளில் தனியே கட்டிப்போடாமல், வீட்டாரின் குரல் எட்டும் தொலைவில் படுக்க வைத்தால் மெல்ல அடங்கும். முன்பு உண்டுவந்த உணவையே சில நாள் கொடுத்துச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். திடீர் மாற்றம் கழிச்சலை உண்டாக்கும்.

மருத்துவமனை இதழில் இதை எழுதக் காரணம் உண்டு. அஞ்சிய குட்டி கடிக்கும். உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடப்பட்ட குட்டியும் கடிக்கும். பால்பல்லின் கீறல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகின்றனர். ஏச்சுக்கு அஞ்சிக் குழந்தைகள் மறைத்தும் விடுகின்றனர். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி குட்டிகளுக்குப் பெரும்பாலும் மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதற்கு முன்னரே தெருவில் வெறிநாயிடம் கடிபட்டிருந்தால், சின்னஞ்சிறு குட்டியும் அந்நோயைப் பரப்பும். அறிகுறிகள் தோன்றிய பின் நோயாளியைக் காப்பது ஏறத்தாழ இயலாது. தோன்றுமுன் முறையான சிகிச்சை பெற்றால் தடுத்துவிடலாம்.

எனவே பல் பட்டுத் தோல் கீறினால், குருதி வராவிடினும், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவ வேண்டா. தோலினுள் போடும் முறையில், முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28ஆம் நாள்களில் மற்ற ஊசிகள் அமையும். புண் ஆறிவிட்டதென்று கடைசி ஊசியை விட்டுவிடுவோர் பலர், அது கூடாது. குருதி வந்த காயமெனில் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். குட்டியை விரட்டிவிடாதீர்கள்: 10 நாள் அது நலமாக இருக்கிறதா என்பது மருத்துவர் அறிய விரும்பும் செய்தி. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டா.

குழந்தைகளிடம் முதல் நாளே கூறுங்கள்: பல் பட்டால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் ஏசமாட்டோம், நாயையும் அனுப்பிவிடமாட்டோம்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவரோ சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரோ வீட்டில் இருந்தால், குட்டி வாங்குமுன் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். அவர் குட்டியின் கழிவை அள்ளலாகாது. குட்டிகளுக்குக் குடற்புழு இருப்பது இயல்பாதலால், வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழுநீக்க மருந்து கொடுங்கள். அங்கே தரும் தடுப்பூசி அட்டையை வீட்டாரின் மருத்துவச் சீட்டுகளோடு வைத்திருந்து, காயத்துடன் வர நேர்ந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.