வெற்றுக் காசோலை கம்பனி: பத்து டொலர் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது?

சமத் பலிஹப்பிட்டிய காலியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். பிறகு பேஸ்புக்கில் பெரிய பதவியில் இருந்தார். பங்குச் சந்தையில் ஆர்வமுள்ள இலங்கை இளைஞர்களிடம் அவர் பெயருக்குத் தனி மவுசு உண்டு. 2025 செப்டெம்பரில் அவருடைய புதிய கம்பனி ஒன்று நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. பெயர் அமெரிக்கன் எக்செப்ஷனலிசம் அக்விசிஷன் கோர்ப் ஏ. பங்கு ஒன்று 10 டொலர், திரட்டியது 345 மில்லியன் டொலர். என்ன தொழில் என்று கேட்டால், பட்டியலானபோது ஒன்றுமில்லை. சந்தைக்கு வராத வேறொரு கம்பனியைத் தேடிப் பிடித்து இணைத்துக்கொள்வதற்காகவே அந்தப் பணம் திரட்டப்பட்டது. எந்தக் கம்பனி என்று பங்கு விற்கும்போது சொல்லமாட்டார்கள். அதனால்தான் இதை வெற்றுக் காசோலை கம்பனி என்கிறார்கள், சுருக்கமாக ஸ்பாக்.

2021இல் மட்டும் அமெரிக்காவில் இப்படி 600க்கும் மேற்பட்ட கம்பனிகள் முளைத்தன. அடுத்த ஆண்டே அலை வடிந்தது. இப்போது மறுபடி எழுகிறது. அதோடு பழைய நம்பிக்கைகளும் எழுகின்றன.

"பட்டியலில் வந்துவிட்டது, இனிப் பயமில்லை"

இதை மற்ற ஊர்க்காரர்கள் நம்பினாலும் ஊவா தோட்டத்து ஆட்கள் நம்பக்கூடாது. பட்டியல் கம்பனி நமக்குப் புதிதல்ல. 1992இல் அரசாங்கத் தோட்டங்களைப் பிரித்துப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளை உண்டாக்கினார்கள். பிறகு அவற்றைத் தனியாருக்கு விற்றபோது 51 வீதப் பங்கு ஒரே கையில் போனது, ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களுக்குப் போனது, 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்தவர்களையும் சட்டம் அன்றே பங்குதாரராக்கிவிட்டது. பங்குதாரரானதால் லயத்துக் கூரை மாறியதா என்பதை வாசகரே சொல்லட்டும்.

மீரியபெத்தவை எடுத்துக்கொள்வோம். அது ஊவாவில் அம்பிட்டிகந்த தோட்டத்தின் ஒரு பிரிவு. அதை நிர்வகித்த மஸ்கெலியா பெருந்தோட்டக் கம்பனி, கொழும்பில் பட்டியலான கம்பனிதான். அந்த மலைச்சரிவில் மண்சரிவு ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. வீடிழந்தவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கைக்கு வந்தது 2016இல். பங்குச் சந்தையில் பெயர் இருப்பதற்கும் காலடி நிலம் உறுதியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்பாக் கம்பனியின் விளக்க ஆவணத்தை அங்குள்ள பிணையங்கள் ஆணைக்குழு ஏற்றுப் பதிவு செய்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லியிருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. நல்ல முதலீடு என்று அது ஒருபோதும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த ஆவணத்தில் இடர்கள் என்ற தலைப்பில் பல பத்துப் பக்கங்கள் இருக்கும்.

"வெற்றுக் காசோலைதானே, அள்ளிக்கொண்டு ஓடிவிடுவார்கள்"

இது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. திரட்டிய பணம், ஸ்பாக்கைத் தொடங்கிய நடத்துநரின் பைக்குப் போவதில்லை. தனியான ஒரு நம்பிக்கைக் கணக்கில் போட்டு, அமெரிக்கத் திறைசேரி உண்டியல்களில் முடக்கி வைக்கிறார்கள். பெரும்பாலும் 18 முதல் 24 மாதத் தவணை இருக்கும். அதற்குள் நல்ல கம்பனி கிடைக்காவிட்டால் காசு வட்டியோடு பங்குதாரருக்குத் திரும்பும். கம்பனி கிடைத்து, அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பங்கைக் கொடுத்துவிட்டு உங்கள் பங்குக்குரிய காசைத் திருப்பிக் கேட்கலாம். இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டுக்கூடக் கேட்கலாம்.

சமத்தின் முந்தைய கம்பனிகளில் இரண்டு அப்படித்தான் மூடப்பட்டன. பொருத்தமான கம்பனி அமையவில்லை என்று 2022 செப்டெம்பரில் அறிவித்து, இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1.6 பில்லியன் டொலரைத் திருப்பினார்.

"அப்படியானால் நட்டமே வராது"

ஆபத்து இந்த நம்பிக்கையில்தான். பாதுகாப்பு இருப்பது 10 டொலருக்கு. நீங்கள் கொடுத்த விலைக்கு இல்லை. பட்டியலான பிறகு சந்தையில் 12 டொலருக்கு வாங்கியவருக்கும் திரும்பிவருவது அந்தப் பத்தும் கொஞ்ச வட்டியும்தான். இரண்டாவது, அந்தப் பாதுகாப்பு இணைப்பு நாள்வரைதான். திருப்பிக் கேட்கும் தவணையைத் தவறவிட்டவர் கையில் இருப்பது புதிய கம்பனியின் சாதாரணப் பங்கு. அதற்குக் கீழே வலை கிடையாது.

மூன்றாவதுதான் பலருக்கும் பிடிபடாதது. திருப்பிக் கேட்காமல் தங்குகிறவரின் 10 டொலர் உள்ளுக்குள் 10 டொலராக இருப்பதில்லை.

கணக்காகவே பார்ப்போம். சமத்தின் புதிய கம்பனியின் நிபந்தனைகள் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். வழக்கமான நிபந்தனைகளோடு அதே 345 மில்லியன் டொலரைத் திரட்டிய ஒரு கம்பனி என்று வைத்துக்கொள்வோம். பொதுமக்கள் கையில் 34.5 மில்லியன் பங்கு. நடத்துநர் மொத்தத்தில் 20 வீதம் எடுத்துக்கொள்வது வழக்கம், அது 8.625 மில்லியன் பங்கு. இதற்கு அவர் கொடுப்பது பெரும்பாலும் 25,000 டொலர். நீங்கள் 10 டொலருக்கு வாங்கும் பங்கு அவருக்கு ஒரு சதத்திலும் குறைவு.

இணைப்பு நாளில் பத்தில் ஒன்பது பேர் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். 2022க்குப் பிறகு இது அபூர்வமில்லை. மிச்சம் 34.5 மில்லியன் டொலர். பங்கு விற்றுக் கொடுத்த வங்கியின் தரகில் 3.5 வீதம் இணைப்பு நாளில் கொடுப்பதாகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கும். அந்த 3.5 வீதத்தை மிஞ்சிய பணத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, முதலில் திரட்டிய 345 மில்லியனுக்குப் பார்ப்பதே வழக்கம். அது 12 மில்லியன் டொலருக்குச் சற்று மேல். போக நிற்பது ஏறத்தாழ 22.4 மில்லியன். பங்கு கேட்டு நிற்பவர்கள்? பொதுமக்களின் 3.45 மில்லியன், நடத்துநரின் 8.625 மில்லியன். வகுத்துப் பாருங்கள், ஒரு பங்குக்கு 1.86 டொலர். சட்டத்தரணி, கணக்காய்வாளர் செலவெல்லாம் இனித்தான் கழியவேண்டும்.

இது ஓர் உச்ச உதாரணம். வெளியிலிருந்து புதுப் பணம் வந்தாலோ, நடத்துநர் தன் பங்கில் விட்டுக்கொடுத்தாலோ நிலைமை கொஞ்சம் தேறும். ஆனால் 2019 ஜனவரி முதல் 2020 ஜூன் வரை இணைந்த ஸ்பாக் கம்பனிகளைக் கிளவுஸ்னர், ஓல்ரோகி, ருவான் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, வரிசையின் நடுவில் நின்ற கம்பனியிலேயே பங்குக்கு நிகரமாக 6 டொலருக்கும் குறைவான பணம்தான் இருந்தது. அந்தக் கணக்கு எழுப்பிய சத்தமும் சேர்ந்துதான், நடத்துநருக்கு என்ன கிடைக்கிறது, பங்கு எவ்வளவு நீர்க்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்ற விதிகளை அமெரிக்க ஆணைக்குழு 2024 ஜனவரியில் கொண்டுவந்தது.

"நடத்துகிறவரும் காசு போட்டிருக்கிறார், நமக்கு நட்டம் வர விடுவாரா?"

போட்டிருக்கிறார்தான். செலவுக்கும் முதல் தரகுக்கும் அவர் சில மில்லியன் டொலரைப் போடுகிறார். எந்தக் கம்பனியோடும் இணையாவிட்டால் அந்தக் காசு போகும், இலவசம் போலக் கிடைத்த பங்கும் ஒன்றுக்கும் உதவாது. சுமாரான கம்பனியோடு இணைந்து பங்கு 10இலிருந்து 4க்கு விழுந்தாலும், மேலே சொன்ன உதாரணத்தில் அவர் கையில் 34 மில்லியன் டொலருக்கு மேல் நிற்கும். உங்களுக்குப் பத்தில் ஆறு போயிருக்கும். மோசமான கல்யாணமானாலும் நடக்கட்டும் என்று தரகர் நினைப்பதுபோல், தவணை நெருங்க நெருங்க நடத்துநருக்கு ஏதாவது ஓர் இணைப்பு நடந்தால் போதும் என்றாகிவிடுகிறது.

சமத்தின் 2025 கம்பனி இந்தக் குறையைத் திருத்துவதாகச் சொல்கிறது. பின்னாளில் பங்கு வாங்கும் உரிமைச் சீட்டுகளை ஒட்டவில்லை. நடத்துநரின் பங்குகள் இணைப்புக்குப் பிறகு விலை குறைந்தது 50 வீதமாவது ஏறினால்தான் கைக்கு வரும். இது உண்மையான முன்னேற்றம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவரே சிறு முதலீட்டாளர்களை இதில் இறங்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பங்கில் மிகப் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களுக்கே ஒதுக்கப்பட்டது. நம்ம நாட்டு ஆள் என்று பாசம் காட்டுகிறவர்கள் அவர் பேச்சில் இந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை.

"அவர் தொட்டது துலங்கும்"

விர்ஜின் கலக்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர், 2019இல். 2021 பெப்ரவரியில் பங்கு 50 டொலருக்கு மேல் பறந்தது. அடுத்த மாதம் தன் சொந்தப் பங்குகளைச் சுமார் 213 மில்லியன் டொலருக்கு விற்றார். 2024 ஜூனில் அந்தக் கம்பனி 20 பங்கை ஒன்றாகச் சேர்க்கவேண்டிய நிலைக்கு வந்தது. அவர் சந்தைக்குக் கொண்டுவந்த மற்றவற்றில், குளோவர் ஹெல்த் 1 டொலருக்குக் கீழே போய் வந்தது. ஓப்பன்டோரும் 2025இல் அப்படிப் போய், அதே ஆண்டு பலமடங்கு துள்ளியது. சோஃபை 5 டொலருக்குக் கீழே இறங்கி, 2025இல் 20ஐத் தாண்டியது. ஒன்று தேறியிருக்கிறது. எது தேறும் என்று முன்கூட்டித் தெரிந்தவர் யாருமில்லை.

"கணக்கில் லாபம் காட்டுகிறதே" – "இல்லை, கம்பனி முங்கிவிட்டதே"

புதிதாகப் பட்டியலான ஸ்பாக் ஒன்றின் காலாண்டுக் கணக்கைப் பார்த்தவர்களிடம் இந்த இரண்டு கூற்றையும் கேட்கலாம். இரண்டும் ஒரே தாளைப் பார்த்துச் சொல்லப்படுபவை.

லாபம் என்பது நம்பிக்கைக் கணக்கின் வட்டி. விற்பனை வருமானம் என்ற வரியே இருக்காது. வட்டியில் செலவு போக மிஞ்சியதை லாபமாகக் காட்டுவார்கள். அதை நடத்துநரின் திறமை என்று நினைப்பவர், தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் ஏறிய வட்டியைத் தன் வியாபார லாபம் என்று நினைக்கலாம்.

பங்குதாரர் நிதி மறை எண்ணில் இருப்பதைக் கண்டு பதறவும் வேண்டாம். திருப்பிக் கேட்கக்கூடிய பங்குகளை நிரந்தர மூலதனத்தில் சேர்க்கக்கூடாது என்பது அங்குள்ள கணக்கு முறை. அவற்றைத் தனியே ஒதுக்கியதும் மிச்சம் மறையாகத்தான் நிற்கும்.

பார்க்கவேண்டிய இடம் வேறு. நம்பிக்கைக் கணக்குக்கு வெளியே கையில் எவ்வளவு காசு இருக்கிறது? பல கம்பனிகளில் அது ஒரு மில்லியன் டொலரைத் தொடாது. இரண்டு வருடம் சட்டத்தரணி, கணக்காய்வாளர், காப்புறுதி எல்லாவற்றையும் அதில்தான் தள்ளவேண்டும். தீர்ந்ததும் நடத்துநரிடமே கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடனில் ஒரு பகுதியைப் பின்னால் பங்காகவோ உரிமைச் சீட்டாகவோ மாற்றிக்கொள்ளும் வசதியும் அவருக்கு இருக்கும். இந்தக் கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் சந்தேகம் உண்டு என்று கணக்காய்வாளர் எழுதுவதும் இதனால்தான். தவணை முடிந்தால் கலைக்கப்படவேண்டிய கம்பனிக்கு அந்த வாசகம் ஏறத்தாழ வழமை. வழமை என்பதற்காகப் பொய்யில்லை.

"கொழும்பில் ஓர் ஏஜென்ட் இருக்கிறார், அவரிடம் கொடுத்தால் வாங்கித் தருவார்"

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையான ஸ்பாக் பற்றி. இங்கே தோட்டத்தில், ஓய்வு பெற்றவரின் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் தேடி வருகிற ஆபத்து பெரும்பாலும் அதுகூட இல்லை. பெயர் மட்டும் அமெரிக்கப் பெயராக இருக்கும்.

இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுப் பங்கில் காசு போட 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற எல்லையை 2020க்குப் பிறகு பலமுறை மாற்றினார்கள், சில காலம் நிறுத்தியும் வைத்தார்கள். ஆகவே முதலில் கேட்கவேண்டிய இடம் வங்கியின் கருமபீடம். கையில் ரூபாய் வாங்கிக்கொண்டு, போனில் ஓர் அப்பைப் போட்டுக் கொடுத்து, டொலரில் ஏறுகிற எண்ணைக் காட்டுகிறவர் எந்தப் பங்கையும் வாங்கித் தரவில்லை. இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் தரகு என்று சொன்னால், அது வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்த பிரமிட் திட்டம். தொடங்குவது மட்டுமல்ல, அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். எம்டிஎப்ஈ, ஒன்மெக்ஸ் டிடி போன்ற பெயர்களை மத்திய வங்கி தடைப்பட்டியலில் போட்டது. 2023 ஓகஸ்டில் எம்டிஎப்ஈ அப் விழுந்தபோது, தெரிந்தவர் சொன்னார் என்று சேர்ந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். அத்தை மகனும் பழைய சங்கத் தலைவரும் பேச்சைத் தொடங்கினால் நம்மால் மறுத்துப் பேச முடிவதில்லை, இது ஊரறிந்த பலவீனம்.

ஏஜென்டிடம் கேட்க இரண்டு கேள்வி போதும். பங்கு யார் பெயரில், எந்தத் தரகு நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது? அதன் கூற்றுத்தாள் எங்கே? ஸ்பாக் என்று சொன்னால் மூன்றாவதும் உண்டு: நம்பிக்கைக் கணக்கில் இன்று பங்குக்கு எவ்வளவு? இதற்கு அவர் பதில் சொல்லவேண்டுமென்றும் இல்லை. அமெரிக்காவில் பட்டியலான கம்பனிகள் தாக்கல் செய்யும் அறிக்கைகள் அங்குள்ள ஆணைக்குழுவின் எட்கார் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்பனியின் பெயரைப் போட்டுத் தேடினால் போதும். அந்தப் பெயரே அங்கே இல்லையென்றால் மேலே விசாரிக்க எதுவுமில்லை.